படையலும் வரிசைப் பொத்தானும்

கொரியாவின் மொக்போ துறைமுகத்தில் பாய்லர் பழுது பார்க்கும் பியோ கிசொக், ஒருமுறை பெற்ற தாயையே நெடுஞ்சாலை ஓய்விடத்தில் மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தவர். குவாங்ஜுவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. பெட்ரோல் போட்டார், டயருக்குக் காற்றடித்தார், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று வால்நட் கேக் ஒரு பொட்டலம் வாங்கினார், வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் போன் அடித்தது.

"கிசொக்கா, எதையோ விட்டுட்டு வந்த மாதிரி இல்ல உனக்கு?"

"ஆமாம்மா! வால்நட் கேக்கைக் கடை மேசையிலயே வெச்சுட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த மேசையில உக்காந்து அதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். மெதுவா வா. இன்னும் பாதி மிச்சமிருக்கு."

இந்தக் கதையை ஊரில் அதிகம் சொன்னவர் அம்மா அல்ல, கிசொக்தான். பாய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு, திருகாணி எந்தப் பையில் என்று தேடும் நேரத்தில் வீட்டுக்காரர்களைப் பேச்சில் பிடித்து வைக்க இதைவிட நல்ல கதை கிடையாது. தன் மூளையைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை. "சல்லடையில கூடப் பெரிய கல்லு நிக்கும், எனக்கு அதுவும் நிக்காது" என்பார். தன் கல்யாண மண்டபத்துக்கே செருப்போடு போய், போட்டோக்காரரின் ஷூவை இரவல் வாங்கி மணமேடை ஏறியவர். போட்டோக்காரர் வெறுங்காலோடு எடுத்த அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பார். ஷூ இரண்டு அளவு சிறியது.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்திரண்டு வயது வரை தொழில் நடத்தியது எப்படி என்றால், தினமும் காலையில் அம்மா போன் செய்வாள். அதே வீட்டின் பின்கட்டில் இருந்துகொண்டுதான் செய்வாள். "கிசொக்கா, இன்னிக்கு மோட்டல் பாய்லர். மீன் கிடங்குக்குப் போக வேண்டாம், அது நாளைக்கு. சாக்ஸ் போட்டியா? ரெண்டும் ஒரே கலரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அவ்வளவுதான், அன்றைய நாள் ஓடிவிடும்.

போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அடுத்த வாரமே கிசொக் தப்பான வீட்டில் ஏறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாய்லரின் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டார்.

மகள் நாரே தலைநகர் சியோலில் வேலை பார்ப்பவள். அவள் அப்பாவின் போனில் நினைவூட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அது மணி அடித்தது. எதற்கு அடிக்கிறது என்று பார்ப்பதற்குள் கிசொக் அதை அணைத்துவிட்டு, ஏன் அணைத்தோம் என்பதை மறந்தார். இன்னொரு ஆப், வேலை முடிந்தால் திரையில் பட்டாசு வெடித்தது. அந்தப் பட்டாசைப் பார்க்கவே செய்யாத வேலைகளையெல்லாம் செய்ததாகத் தட்டினார். மூன்றாவது ஆப் உள்ளே போகப் பாஸ்வேர்டு கேட்டது. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

கடைசியில் அவர் வந்து நின்றது வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றில். மணி கிடையாது, படம் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. தொட்டால் திறக்கும், வெள்ளைத் தாள் மாதிரி. ஒரு வேலைக்கு ஒரு வரி. அவசரம் என்றால் வரியின் முன்னால் ஓர் எண். முடிந்தால் முன்னால் ஒரு வட்டம். கடை வேலை, வீட்டு வேலை, மனைவி வாங்கி வரச் சொன்ன முள்ளங்கி, ராத்திரி வந்த கனவு எல்லாம் அந்த ஒரே கோப்பில்.

"வேலைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டா வெச்சுக்கலாமேப்பா?" என்றாள் நாரே.

"ரெண்டு வெச்சா, எது எதுல இருக்குன்னு எழுதி வைக்க மூணாவது வேணும்மா."

அந்தக் கோப்பில் அவருக்கு உயிரான ஒன்று உண்டு. மேல் மூலையில் ஒரு வரிசைப் பொத்தான். அதை அழுத்தினால் எண் போட்ட வரிகள் உச்சிக்கு ஏறும், வட்டம் போட்டவை அடியில் போய்ப் படுக்கும், நடுவில் உள்ளவை கொரிய எழுத்துகளின் அகர வரிசையில் கைகட்டி நிற்கும். வாழ்க்கையில் எதுவுமே அவர் சொல்லி இப்படி வரிசையில் நின்றதில்லை. ஆகவே காலையில் அழுத்துவார், மாலையில் அழுத்துவார், மனசு சரியில்லை என்றாலும் அழுத்துவார். சிலர் நகம் கடிப்பார்கள் அல்லவா, அதுபோல.

இந்த நிலையில்தான் அம்மாவின் முதல் திதி வந்தது.

மூத்த மகன் வீட்டில் படையல் வைப்பது முறை. ஆனால் சித்தப்பா மன்ஹோவுக்கு அதில் நம்பிக்கையில்லை. இறந்துபோன அப்பாவின் தம்பி அவர். எழுபத்தெட்டு வயதாகியும் முதுகு வளையாமல் நடப்பவர். குடும்பத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவர். திதிக்கு ஒரு வாரம் முன்னால் போனில் தீர்ப்புச் சொன்னார்.

"இந்த வருஷம் உன் வீட்டுல வெச்சுப் பாக்குறேன். ஏதாவது ஒண்ணு பிசகிச்சுன்னு வை, அடுத்த வருஷத்துலேருந்து குவாங்ஜுல உன் தம்பி வீட்டுல. கித்தே எல்லாத்தையும் ஒழுங்கா செய்யுறவன். நீ அண்ணியையே ரோட்டுல விட்டுட்டு வந்தவன்டா."

"ரோட்டுல இல்ல சித்தப்பா. ஓய்விடத்துல."

"பெரிய வித்தியாசம்!"

கிசொக் அன்று மதியம் நூடுல்ஸைத் தொடவில்லை. தம்பி கித்தே நல்லவன்தான். ஆனால் அவன் இருப்பது பத்தொன்பதாவது மாடி. வாசலில் எண் அழுத்தித் திறக்கும் பூட்டு. அம்மா உயிரோடிருந்தபோதே அந்தப் பூட்டைத் தொட மாட்டாள். "நம்பர் அமுக்கித் தொறக்க இது என்ன பேங்க்கா?" என்று வாசலிலேயே நின்று யாராவது வரும்வரை மணி அடிப்பாள். செத்தவர்கள் மணி அடிக்க முடியுமா? வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிட வருகிறவள் பத்தொன்பதாவது மாடி வராந்தாவில் நின்று, திரும்பிப் போய்விட்டால்? தன்னை எங்கேயோ மறந்து விட்டுவிட்டார்கள் என்று மறுபடியும் நினைத்துவிட்டால்?

அதனால் இம்முறை ஒன்றும் பிசகக் கூடாது. நூறு படையல் பார்த்திருந்தும் கிசொக்குக்கு வரிசை தெரியாது. எப்போதும் அம்மா சமையல்கட்டு நிலைப்படியில் நின்று, "இப்ப மது ஊத்து... இப்ப கும்பிடு... ஸ்பூனைச் சோத்துல குத்து" என்று கிசுகிசுப்பாள். ஆகவே சித்தப்பாவுக்கே போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல, கோப்பின் அடியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஊதுவத்தி ஏற்றி, கிண்ணத்து மணலில் மது ஊற்றி அம்மாவை அழைப்பது. இரண்டு முறை விழுந்து கும்பிடுவது. முதல் கிண்ணம். சோற்றில் ஸ்பூன். எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தி, அவள் நிம்மதியாகச் சாப்பிட விடுவது. மூன்று முறை இருமுவது. கதவைத் திறப்பது. சூப்பை எடுத்துத் தண்ணீர் வைப்பது. அம்மாவின் பெயர் எழுதிய சீட்டை எரிப்பது. பிறகு எல்லாரும் சாப்பிடுவது.

எண் எதுவும் போடவில்லை. எல்லாமே அவசரம், எதற்கு என்று போட? கடைசியில் சித்தப்பா சொல்லாத வரி ஒன்றைத் தானாகவே சேர்த்தார்: பாக்கெட் காபி, அம்மாவுக்கு. மூன்று வேளையும் குடித்தவள்.

திதியன்று சாயங்காலம், கடைக்குப் பின்னாலிருந்த பழைய வீட்டில் ஊறவைத்த திருக்கை மீனின் வாடை தெருவரைக்கும் வந்து ஆட்களைக் கூப்பிட்டது. கிசொக்கின் மனைவி சுனிம் காலையிலிருந்து அப்பமும் வறுவலும் பொரித்துக் கூடையில் அடுக்கியிருந்தாள். கித்தே குவாங்ஜுவிலிருந்து மதியச் சாப்பாடில்லாமல் வண்டி ஓட்டி வந்திருந்தான். மேசையைச் சுற்றி வந்து பார்த்த சித்தப்பா, பேரிக்காயை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டுத் தீர்ப்பைத் தொடர்ந்தார்.

"ஆரம்பிச்ச பிறகு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நான் உள்பட. படையல் நேரத்துல பேச்சுக் கேட்டா வந்தவங்க எழுந்து போயிடுவாங்க. கிசொக் கை வேலையா இருப்பான், நாரே படிக்கட்டும். எழுதியிருக்கிறதை மட்டும் படிம்மா. அதுக்கு மேல ஒரு எழுத்து வரக் கூடாது உன் வாயிலேருந்து."

"சரி சின்னத் தாத்தா."

சுனிம் கணவரைச் சமையல்கட்டுக்கு இழுத்தாள். "ஏங்க, கை நடுங்குதே உங்களுக்கு."

"நடுங்கல. குளிர்."

"பாய்லர்காரர் வீட்டுல குளிரா? போனைக் குடுத்துட்டுப் போய் நில்லுங்க."

போனை மகளிடம் கொடுப்பதற்கு முன், மனசு ஒரு நிலையில் இல்லாத அந்தக் கணத்தில், கிசொக்கின் கட்டைவிரல் தானாகப் போய் மேல் மூலையை அழுத்தியது. வரிகள் எல்லாம் ஒருமுறை குதித்துக் கைகட்டி நின்றன. அவருக்கு மனசு லேசானது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேசை முன்னால் போய் நின்றார்.

நாரே தொண்டையைச் சரிசெய்து படித்தாள்.

"சூப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் வைக்கவும்."

இப்போதுதான் வைத்த சூப், ஆவி பறந்துகொண்டிருந்தது. கிசொக்குக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் அவர் கற்றது ஒன்றுதான்: தலைக்கும் கோப்புக்கும் சண்டை வந்தால் கோப்பே சரி. சூப்பை எடுத்தார், தண்ணீரை வைத்தார்.

சித்தப்பாவின் கண்கள் வெளியே வந்தன. வாயைத் திறக்க முடியாது, அவரே போட்ட சட்டம். "உஹும்!" என்று இருமினார். கிசொக் திரும்பவில்லை. "உஹும்! உஹும்!"

"மூன்று முறை இருமவும்," என்று படித்தாள் நாரே.

கிசொக் நெகிழ்ந்துபோனார். சித்தப்பா எவ்வளவு முன்யோசனைக்காரர்! நன்றியோடு அவரைப் பார்த்துத் தலைகுனிந்தார். சித்தப்பா நெற்றியில் கை வைத்தார். நாரே அந்த வரிக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டாள்.

"எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தவும்."

ஐந்து பேரும் வரிசையாக வெளியேறி, சமையல்கட்டை ஒட்டிய குறுகிய நடையில் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஊதுவத்தி ஏற்றாத அறையில், யாரும் அழைக்காத விருந்தாளிக்காக, சூப் இல்லாத படையல் காத்திருந்தது. சுனிம் கணவரின் முகத்தைப் பார்த்தாள். கணவர் விட்டத்தைப் பார்த்தார்.

"பொதுக் குளியல் கூடத்து வால்வு மாற்றவும்," என்றாள் நாரே, முகத்தில் ஒரு சுளிவு இல்லாமல்.

"ஆச்சு," என்றார் கிசொக். பழக்கதோஷம். வேலையைப் படித்துக் காட்டினால் அவர் வாய் தானாகச் சொல்லும் சொல் அது. நாரே வட்டம் போட்டாள்.

கித்தே அண்ணனை ஒரு பார்வை பார்த்தான். சித்தப்பாவின் முகம் உலர்ந்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. இருமினார், செருமினார், கையை ஆட்டினார். சுனிம் பாவப்பட்டு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தாள்.

"எல்லாரும் சாப்பிடவும்."

கித்தே இதற்காகவே குவாங்ஜுவிலிருந்து வந்தவன்போலச் சமையல்கட்டு வாசலில் இருந்த கூடைக்குள் கை விட்டான். மீன் அப்பம் ஒன்று, பூசணி அப்பம் ஒன்று. அண்ணனிடமும் நீட்டினான். கிசொக் வாங்கி மென்றார். கோப்பு சொல்கிறது, சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? கண் கலங்கியது அவருக்கு. அம்மாவின் முதல் திதி எவ்வளவு ஒழுங்காகப் போகிறது!

"கதவைத் திறக்கவும்."

திறந்தார்கள்.

"பாக்கெட் காபி, அம்மாவுக்கு."

"போதும்!" என்று கத்திவிட்டார் சித்தப்பா. "பேசக் கூடாதுன்னு சொன்னவன் நான்தான், நரகத்துக்கு நானே போறேன், பரவாயில்ல! டேய், எந்த ஊர்லடா இலையில உக்கார வைக்கிறதுக்கு முன்னாடியே எச்சிக் கை கழுவத் தண்ணி குடுப்பாங்க? அண்ணியக் கூப்பிடவே இல்லையே! கூப்பிடாம வெளிய போய் வறுவலத் தின்னுட்டு வந்து நிக்கிறீங்க! அந்த வால்வு யாருக்கு? அண்ணிக்கா?"

கிசொக் மகளின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். உச்சியில் சூப், அதன் கீழே இருமல், குளியல் கூடம், காபி, முள்ளங்கி... எல்லாம் அகர வரிசையில், அப்பழுக்கில்லாமல். அடியில் ஊதுவத்தி.

"வரிசைப் பொத்தானை அமுக்கிட்டேன்," என்றார். மணமேடையில் ஷூ கடித்தபோது இருந்த அதே குரல்.

"அப்பா... எனக்கு அப்பவே லேசா தோணுச்சு. ஒரு எழுத்து பேசக் கூடாதுன்னாங்களே."

சித்தப்பா தரையில் உட்கார்ந்தார். "முடிஞ்சுது. அடுத்த வருஷம் குவாங்ஜு. கித்தே, சரியான வரிசை என்னன்னு இவனுக்குச் சொல்லு. முதல்ல இருந்து ஒழுங்கா செஞ்சுட்டுப் போவோம்."

கித்தே வாயிலிருந்த அப்பத்தை விழுங்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான். "முதல்ல... ஊதுவத்தி. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் அம்மா சொல்லுவாங்க, சித்தப்பா."

கித்தே கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். "எனக்கு மட்டும் என்ன தெரியும்? தினம் காலையில ஏழு மணிக்கு அம்மா போன் பண்ணுவாங்கண்ணே. இன்னிக்கு மீட்டிங், நீல டை கட்டு, குழந்தைக்கு ஊசின்னு. அதுலதான் என் ஒழுங்கெல்லாம். அவங்க போன பிறகு பொண்டாட்டி பிறந்தநாளை மறந்து மூணு நாள் சோபாவுல படுத்தேன்."

"உனக்குமா?" என்றார் கிசொக். அம்மா தன்னை மட்டும்தான் இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள் என்றல்லவா இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பா பேரிக்காயை மறுபடி ஒரு விரற்கடை நகர்த்தினார். பிறகு, "எட்டு மணிக்கு எனக்கு," என்றார். "பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு கேப்பாங்க. போடலன்னா திட்டுவாங்க. இப்ப ரெண்டு தடவை போட்டுர்றேன், இல்லன்னா போடறதே இல்ல."

"அப்ப எனக்குப் போன்ல வரிசை சொன்னீங்களே சித்தப்பா?"

"அண்ணி சொன்னதை, போன தடவை அண்ணன் திதியிலயே ஒரு காலண்டர் பின்னால எழுதி வெச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லி முடிச்சதும் கிழிச்சுப் போட்டுட்டேன். அதான் நீ எழுதிட்டியேன்னு."

முதலில் சிரித்தது சுனிம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல குடும்பத்துல வாக்கப்பட்டேன். மூணு ஆம்பளைங்க, ஒரு கிழவியோட மூளை!" அப்புறம் நாரே. கடைசியில் சித்தப்பாவே, இருமலும் சிரிப்புமாக.

ஆக, அந்தக் குடும்பத்தில் படையல் வரிசை என்பது மீதமிருந்த ஒரே இடம், கிசொக்கின் பிசுக்கேறிய போன்தான். கலைந்து கிடந்தாலும் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. ஐந்து பேரும் தரையில் தலையோடு தலை மோத உட்கார்ந்து வரிகளை மேலும் கீழுமாக நகர்த்தினார்கள்.

"ஸ்பூனுக்கு முன்னாடி கிண்ணம்."

"இல்லண்ணே, கிண்ணத்துக்கு முன்னாடி கும்பிடு."

"வால்வை எடும்மா அங்கேருந்து!"

ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாரே எண் போட்டாள். இனி எத்தனை முறை அழுத்தினாலும் அவை அசையாது. காபி மட்டும் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. முறையில் இல்லாத பண்டம் அது.

"கடைசியில வையி," என்றார் சித்தப்பா. "அண்ணி எப்பவும் எல்லாம் முடிஞ்சு, எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் குடிப்பாங்க."

மறுபடி சூப்பைச் சூடாக்கி வைத்தார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். மணலில் மது ஊற்றினார் கிசொக். கோப்பில் இல்லாத ஒன்றையும் மெல்லச் சொன்னார்: "அம்மா, மன்னிச்சுக்கோங்க. முதல்ல கூப்பிட மறந்துட்டேன்." ஓய்விடத்து மேசையிலிருந்து "மெதுவா வா" என்றவளுக்கு இதுவும் பழகிய சங்கதிதான். இந்தமுறை சாத்திய கதவுக்கு வெளியே யாரும் கூடையைத் தொடவில்லை. கித்தே ஒரு முறை கையை நீட்டினான், சுனிம் தட்டிவிட்டாள்.

கிளம்பும்போது சித்தப்பா வாசலில் ஷூவைத் தேடிக்கொண்டே சொன்னார்: "குவாங்ஜு வேண்டாம். இங்கயே இருக்கட்டும். கித்தேவுக்கு எதுவும் ஞாபகம் இல்ல, உனக்கும் இல்ல. ஆனா உனக்கு இல்லன்னு உனக்குத் தெரியுது."

கிசொக் அன்று இரண்டு வரி புதிதாக எழுதினார், தினமும் வரும்படி, எண் போட்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தம்பியை அழைத்தார். "கித்தே, இன்னிக்கு என்ன டை?" கித்தே தூக்கக் கலக்கத்தில், "அண்ணே, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்று வைத்துவிட்டான். எட்டு மணிக்குச் சித்தப்பாவை அழைத்தார்.

"மாத்திரை போட்டாச்சா சித்தப்பா?"

"போட்டாச்சுடா. பெரிய அண்ணி இவரு." மாத்திரை டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ சாக்ஸ் போட்டியா?"

கிசொக் குனிந்து பார்த்தார். ஒன்று சாம்பல், ஒன்று பழுப்பு. "ஒரே கலர்தான் சித்தப்பா," என்றார்.

போனை வைத்து, வரிசைப் பொத்தானை அழுத்தினார். வட்டம் போட்டவை அடியில் போய்ப் படுத்தன. அடுத்த அழைப்பு வந்தபோது அவர் காபிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குளியல் கூடத்து முதலாளியம்மா.

"பாய்லர்காரரே! இங்க பத்துக் கிழவிங்க ஐஸ் தண்ணியில உக்காந்து உம்மைத் திட்டிக்கிட்டிருக்காங்க. வால்வு என்ன ஆச்சு?"

"அது ஆச்சே?" என்றார் கிசொக். கோப்பைத் திறந்து பார்த்தார். அடியில், வட்டத்தோடு, அழகாக ஆகியிருந்தது.